மூளையில் இரத்தக்கசிவு: கஞ்சா எண்ணெய் காப்பாற்றுமா?

பகாவ் பக்கம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரட்டு முடிந்து, விடிந்தும் விடியாத நேரத்தில் பால்மரம் வெட்டப் போன உங்கள் பெரியப்பா, நிரையில் நாலாவது மரத்தடியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கையிலிருந்த உளி நழுவி விழுகிறது. பக்கத்து நிரைக்காரர் ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டால் பேச்சு குழறுகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. முதலில் ஜெம்போல் மருத்துவமனை, பிறகு அங்கிருந்து ஆம்புலன்சில் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை. சி.டி. ஸ்கேன் படத்தில் மூளையின் இடப்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு தெரிகிறது. மூளையில் இரத்தக்கசிவு என்கிறார் மருத்துவர்.

மூன்று வாரம் கழித்துப் பெரியப்பா வீடு திரும்புகிறார். வலக்கையும் வலக்காலும் சொன்னபடி கேட்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: “கஞ்சா எண்ணெய் ரெண்டு சொட்டு நாக்குக்கு அடியில விட்டாப் போதும். செத்த நரம்பெல்லாம் திரும்ப முளைச்சிடுமாம். தாய்லாந்துல கடையிலயே விக்கிறான்.” புலனத்தில் வந்த காணொளியையும் காட்டுகிறார். பெரியம்மா உங்கள் பக்கம் திரும்புகிறார். “நீதானேய்யா அறிவியல் படிக்கிற புள்ள. இது நெசமா?”

என்ன பதில் சொல்வீர்கள்? “அது சட்டப்படி குற்றம்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் பெரியம்மா கேட்டது சட்டத்தைப் பற்றி அல்ல. அவருக்குத் தெரிய வேண்டியது, பெரியப்பாவின் கை மறுபடியும் வேலை செய்யுமா என்பதுதான். அந்தக் கேள்விக்கு அறிவியல் இன்றுவரை கண்டுபிடித்தது என்ன என்று பார்ப்போம். விடை, காணொளியில் சொல்வதைவிடச் சிக்கலானது, சுவையானதும்கூட.

காற்றின் மேல் போட்ட பழி

இந்த நோயைத் தமிழில் பக்கவாதம் என்கிறோம். வாதம் என்றால் காற்று. மலாயில் இதே நோய்க்கு ‘அங்கின் அஹ்மார்’ என்று பெயர். ‘சிவப்புக் காற்று’ என்று பொருள். இரண்டு மொழிக்காரர்களும் காற்றின் மேல்தான் பழியைப் போட்டிருக்கிறார்கள். உண்மையில் இது இரத்தக் குழாய் நோய். குழாய் அடைத்துக்கொண்டால் ஒரு வகை. குழாய் வெடித்தால் இன்னொரு வகை. பெரியப்பாவுக்கு வந்தது இரண்டாவது.

வெடிப்பிலும் இரண்டு வகை உண்டு. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். மூளையின் ஆழத்தில் தலைமுடி அளவுக்கு மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் அவற்றை இடித்துக்கொண்டே இருந்தால் சுவர் நைந்து, ஒருநாள் கிழிந்துபோகும். இரத்தம் மூளைத் திசுவுக்குள்ளேயே பாயும். இது மூளைக்குள் கசிவு. இன்னொன்று, மூளையின் அடிப்பகுதியில் உள்ள பெரிய குழாய்களில் சைக்கிள் டியூப் புடைப்பதுபோல ஒரு புடைப்பு உருவாகி, அது வெடிப்பது. அந்த இரத்தம் மூளையின் மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் பரவும். இதை உறையடிக் கசிவு என்று சொல்லலாம்.

மண்டை ஓடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே புதிதாக இரத்தம் சேர்ந்தால் மூளைதான் நசுங்க வேண்டும். மூளைக்குள் கசிவு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரத்தில் கசிவு மேலும் பெரிதாகிறது. அதனால்தான் தோட்டத்திலிருந்து சிரம்பானுக்குப் போகும் அந்த ஒரு மணி நேரச் சாலை இவ்வளவு முக்கியம். நசுங்கல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. வெளியே சிந்திய சிவப்பணுக்கள் சில நாட்களில் உடையும்போது அவற்றிலிருந்து இரும்பு வெளியாகிறது. உணவில் சத்தாக இருக்கும் அதே இரும்பு, குழாய்க்கு வெளியே மூளைத் திசுவில் சிந்தினால் நஞ்சு. சுற்றியுள்ள செல்கள் வீங்குகின்றன, சில சாகின்றன. மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோகிளியா செல்கள் வந்து இந்தக் குப்பையை வாரி விழுங்குகின்றன. வாரக் கணக்கில் நடக்கும் வேலை இது.

கஞ்சா இதில் எங்கே வருகிறது?

நம் தலைக்குள்ளேயே ஒரு ‘ஆனந்தம்’

கஞ்சா நமக்குப் புதிய செடி அல்ல. சித்த மருத்துவ நூல்களில் அதற்கு இடம் உண்டு. 1839-இல் கல்கத்தாவில் வேலை பார்த்த அயர்லாந்து மருத்துவர் வில்லியம் ஓஷானெசி, வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்துத் தாமும் சோதித்து எழுதிய பிறகுதான் ஐரோப்பிய மருத்துவம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் செடிக்குள் எந்தப் பொருள் போதை தருகிறது என்பது தெரிய இன்னும் 125 ஆண்டுகள் ஆயின. 1964-இல் இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம், யெகியேல் காவோனியோடு சேர்ந்து அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் டிஎச்சி. சிபிடி என்ற இன்னொரு பொருளும் செடியில் உண்டு; அது போதை தராது.

அடுத்த கேள்வி, மூளை ஏன் இந்தச் செடியின் பொருளுக்கு இணங்குகிறது? பூட்டு இருந்தால்தானே சாவி திரும்பும்? 1980-களின் இறுதியில் அந்தப் பூட்டு கிடைத்தது. மூளைச் செல்களின் மேல் சிபி1 என்ற ஏற்பி இருக்கிறது. நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸ், அசைவை ஒழுங்குபடுத்தும் ஆழப்பகுதிகள், சிறுமூளை ஆகிய இடங்களில் இது மண்டிக் கிடக்கிறது. எங்கேயோ வளரும் செடிக்காக நம் மூளை பூட்டுச் செய்து வைத்திருக்க முடியாது. அப்படியானால் நம் உடலே ஒரு சாவியைத் தயாரிக்க வேண்டும். 1992-இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் அது பிடிபட்டது. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். ஆம், நம் ஆனந்தம்தான்! சமஸ்கிருதச் சொல்லை எடுத்து வேதியியல் வாலை ஒட்டிவிட்டார்கள்.

இந்த இயற்கைச் சாவி மிகச் சிக்கனமானது. ஒரு நரம்புச் செல் அளவுக்கு மீறிக் கூச்சல் போடும்போது, அதற்குச் செய்தி அனுப்புகிற செல்லிடம் ‘கொஞ்சம் அடங்கு’ என்று சொல்ல அந்த இடத்தில் மட்டும் உருவாகும். சில நிமிடங்களில் சிதைந்துவிடும். டிஎச்சியோ மூளை முழுவதும் பரவி, எல்லாப் பூட்டுகளையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் திருகுகிறது. ஒரு வகுப்பில் கூச்சல் போடும் மாணவனை ஆசிரியர் அடக்குவதற்கும், பள்ளி முழுக்க மின்சாரத்தை நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது.

‘அடங்கு’ என்று சொல்லும் ஏற்பாடு மூளையில் இருக்கிறது என்றதும் மருத்துவர்களுக்கு ஆசை வந்தது. அடிபட்ட மூளையில் செல்கள் சாவதற்கு ஒரு காரணம், அவை கட்டுப்பாடின்றித் தூண்டப்படுவது. அதை இந்த ஏற்பாட்டைக் கொண்டு தணித்தால் என்ன? 2001-இல் மெக்கூலத்தின் குழுவினர் தலையில் அடிபட்ட எலிகளுக்கு, ஆனந்தமைடின் உறவுப் பொருளான 2-ஏஜி என்பதைக் கொடுத்தார்கள். எலிகளின் மூளை வீக்கம் குறைந்தது. அவை விரைவாகத் தேறின. ‘நேச்சர்’ இதழில் வந்த நல்ல ஆய்வு அது. காணொளிகளில் வரும் ‘விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்’ என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிப்பட்ட எலி ஆய்வுகளிலிருந்து பிறப்பதுதான்.

ஒரே ஆண்டில் இரண்டு விடைகள்

மனிதர்களிடம் என்ன நடந்தது? இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது.

2016-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டிலும் ரெசா பெஹ்ரூஸ் என்ற நரம்பியல் மருத்துவரின் பெயர் இருக்கிறது. இரண்டிலும் ஒரே முறை: மூளைக் கசிவோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் சிறுநீரில் கஞ்சாவின் தடயம் இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு யார் எப்படித் தேறினார்கள் என்று ஒப்பிடுவது.

முதல் ஆய்வு உறையடிக் கசிவு பற்றியது. 108 நோயாளிகள். அவர்களில் 28 பேரின் சிறுநீரில் கஞ்சாத் தடயம் இருந்தது. உறையடிக் கசிவில் ஒரு கொடுமை உண்டு. வெடித்த குழாயை அடைத்து, ஆள் பிழைத்துவிட்டார் என்று மூச்சுவிடும்போது, நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் மூளையின் மற்றக் குழாய்கள் சுருங்கத் தொடங்கலாம். இரத்தம் போகாமல் மூளையின் இன்னொரு பகுதி பட்டினி கிடக்கும். இந்த இரண்டாவது அடி, கஞ்சாத் தடயம் இல்லாதவர்களில் ஏறக்குறைய 24 விழுக்காட்டினருக்கு வந்தது. தடயம் இருந்தவர்களில் 50 விழுக்காட்டினருக்கு வந்தது. இரு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது ஆய்வு மூளைக்குள் கசிவு பற்றியது. பல நாடுகளிலிருந்து 725 நோயாளிகள். கஞ்சாத் தடயம் இருந்தவர்கள் 8.6 விழுக்காடு. முடிவு நேர்மாறு! தடயம் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்தபோதே பாதிப்பு குறைவாக இருந்தது. வீடு திரும்பும்போதும் ஊனம் குறைவாக இருந்தது.

முதல் ஆய்வை மட்டும் படித்தவர் ‘கஞ்சா மூளையைக் கெடுக்கும்’ என்பார். இரண்டாவதை மட்டும் படித்தவர் ‘கஞ்சா மூளையைக் காக்கும்’ என்பார். புலனத்தில் இரண்டாவதுதான் அதிகம் சுற்றும். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது நீங்கள் துப்பறிய வேண்டும். உங்கள் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் சிவப்புக் காலணி போட்டவர்கள் வேகமாக ஓடினார்கள் என்று ஒருவர் கணக்கெடுத்துக் காட்டுகிறார். காலணியில் ஏதோ மாயம் இருக்கிறதா? விசாரித்தால், சிவப்புக் காலணி போட்டவர்களில் பெரும்பாலோர் ஐந்தாம் படிவ மாணவர்கள், மற்றவர்கள் ஒன்றாம் படிவம் என்று தெரிகிறது. வேகத்துக்குக் காரணம் வயது. காலணி கூடவே வந்த பயணி.

இரண்டாவது ஆய்வில் கஞ்சாத் தடயம் இருந்தவர்கள் வயதில் இளையவர்கள். இளைய மூளை எந்த அடியிலிருந்தும் நன்றாகத் தேறும். ஆய்வாளர்கள் கணித முறையில் வயதின் பங்கைக் கழிக்க முயன்றார்கள்தான். ஆனால் முழுமையாகக் கழித்துவிட்டோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. முதல் ஆய்வுக்கும் இதே குறை உண்டு. கஞ்சா புகைப்பவர்களில் பலர் சிகரெட்டும் புகைப்பார்கள். அங்கேயும், மரணம், கடும் ஊனம் ஆகியவற்றைப் பொறுத்தவரை மற்றக் காரணங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது கஞ்சாவின் தனிப் பங்கு தெளிவாக நிற்கவில்லை. குழாய் சுருங்கும் அந்த இரண்டாவது அடியில் மட்டும் தொடர்பு நிலைத்தது.

சிறுநீர்ச் சோதனையிலும் ஒரு பொத்தல் இருக்கிறது. டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். உடலின் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். நாள்தோறும் பயன்படுத்தியவரின் சிறுநீரில் வாரக் கணக்கில் தடயம் இருக்கும். ஆகவே ‘தடயம் உண்டு’ என்றால், அவர் நேற்றுப் புகைத்தாரா, மூன்று வாரம் முன்பா, எவ்வளவு என்று ஒன்றும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆய்விலும் அந்தத் தடயம் கசிவுக்கு முன்பு பயன்படுத்தியதன் அடையாளம். கசிவு வந்த பிறகு கஞ்சா எண்ணெய் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இரண்டில் எதுவும் சோதிக்கவே இல்லை. பெரியம்மாவின் கேள்விக்கு இந்த இரண்டாவது ஆய்வைச் சான்றாகக் காட்டுவது, தேர்வில் கேட்காத கேள்விக்கு விடை எழுதுவது போன்றது.

பின்னால் வந்த சான்றுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன? உறையடிக் கசிவைப் பொறுத்தவரை முதல் ஆய்வின் பக்கம். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள பாரோ நரம்பியல் நிலையத்தில் 12 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிகிச்சை பெற்ற 1,014 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2022-இல் வெளியிட்டார்கள். கஞ்சாத் தடயம் இருந்தவர்கள் 46 பேர்தான். ஆனால் அவர்களுக்குக் குழாய் சுருங்கி மூளை பட்டினி கிடக்கும் வாய்ப்பு 2.7 மடங்கு. இரண்டு வேறு இடங்களில் ஒரே திசையில் விடை வந்தால் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

எலியிலிருந்து மனிதருக்கு

காரணத்தையும் உடன்பயணியையும் பிரிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மருந்தும் கொடுப்பது. யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியக்கூடாது, நோயாளிக்கும் தெரியக்கூடாது.

கஞ்சா எண்ணெயை வைத்து மூளைக்குள் கசிவுக்கு அப்படி ஒரு பெரிய சோதனையைச் சுட்டிக்காட்ட என்னால் முடியாது. மிக நெருங்கிய சோதனை தலையில் அடிபட்டவர்களிடம் நடந்தது. மெக்கூலத்தின் ஆய்வகத்தில் உருவான டெக்சனாபினால் என்ற மருந்து டிஎச்சியின் தூரத்து உறவு. போதை தராதபடி வடிவமைக்கப்பட்டது. எலிகளின் மூளையை அது அருமையாகக் காத்தது. பிறகு 15 நாடுகளில் 861 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை.

இது அந்த விஞ்ஞானிகளுக்கு அவமானம் இல்லை. எனக்கு உண்மையில் அவர்கள்மேல் மதிப்புக் கூடியது. எத்தனையோ ஆண்டு உழைப்பு. ‘பலன் இல்லை’ என்பதையும் அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். எண்ணெய் விற்பவரின் காணொளியில் இப்படி ஒரு வரியை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்.

இடி விழுந்தது போன்ற தலைவலி

இதுவரை பெரியப்பாவைப் பற்றிப் பேசினோம். இப்போது உங்களைப் பற்றிக் கொஞ்சம்.

மூளைக் கசிவு கிழவர்களுக்கு வரும் நோய் என்று நினைக்காதீர்கள். பாரிசில் மருத்துவர் ஆன் டுக்ரோவும் சகாக்களும் 2007-இல் 67 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாருக்கும் திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி. இடி விழுந்தது போல இருந்ததாம். மூளைக் குழாய்கள் மணிமாலைபோல இடையிடையே சுருங்கியிருந்தன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு மேல் மூளை உறையடியில் கசிவு வந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் குழாயைச் சுருக்கும் ஏதோ ஒரு பொருளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தப் பட்டியலின் முன்வரிசையில் கஞ்சா இருந்தது. சில மனச்சோர்வு மருந்துகளும், மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்தும்கூட இருந்தன என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

டிஎச்சி உள்ளே போனதும் இதயம் வேகமெடுக்கிறது. இரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. மூளைக் குழாயில் புடைப்பு உள்ள ஒருவருக்கு, அந்தப் புடைப்பு இருப்பதே தெரியாத நிலையில், இது என்ன செய்யும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இன்னொன்று: நம் நாட்டில் வேப் திரவங்களில் ஆய்வகத்தில் செய்த செயற்கைக் கஞ்சாப் பொருள்களைக் கலக்கிறார்கள் என்று காவல்துறை எச்சரித்திருக்கிறது. செடியின் டிஎச்சி சிபி1 பூட்டைப் பாதி திருகும் சாவி என்றால், இந்தச் செயற்கைப் பொருள்களில் பல முழுவதும் திருகும். நண்பன் நீட்டும் வேப்பில் ‘பழ வாசனை’ என்று எழுதியிருக்கலாம். உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்கும் தெரியாது. உங்கள் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை கட்டிமுடிக்கப்படாத வீடு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கை எப்படித் திரும்பி வருகிறது?

சரி, பெரியப்பாவுக்கு எதுதான் உதவும்? பதில் எண்ணெய் அளவுக்குக் கவர்ச்சியாக இராது.

முதல் மணிநேரங்களில் உதவுவது சாதாரண வேலைகளைச் சரியாகவும் விரைவாகவும் செய்வது. இண்டராக்ட்-3 என்ற ஆய்வு 2023-இல் வெளிவந்தது. பத்து நாடுகள், 121 மருத்துவமனைகள், மூளைக்குள் கசிவு வந்த 7,036 நோயாளிகள். இந்தியாவும் இலங்கையும் அதில் பங்கேற்றன. இரத்த அழுத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது, காய்ச்சலைத் தணிப்பது, இரத்தத்தை உறையவிடாத மருந்து சாப்பிட்டிருந்தால் அதை முறியடிப்பது. இந்த நான்கையும் சேர்த்துச் செய்த மருத்துவமனைகளில் நோயாளிகள் மேலாகத் தேறினார்கள், இறப்பும் குறைந்தது. உறையடிக் கசிவுக்கு நிமோடிபின் என்ற மாத்திரையை நாலு மணிக்கொரு தடவை 21 நாள் கொடுக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தாதி தட்டி எழுப்புவது அதற்காகத்தான்.

பிறகு வருவது மாதக் கணக்கான உழைப்பு. செத்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. உயிரோடு இருக்கும் செல்கள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, செத்தவற்றின் வேலையைக் கற்றுக்கொள்கின்றன. ‘கற்றுக்கொள்கின்றன’ என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. நீங்கள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டப் பழகியபோது மூளையில் என்ன நடந்ததோ, கிட்டத்தட்ட அதுதான் இங்கேயும் நடக்கிறது. நூறு தடவை குவளையைத் தூக்க முயன்றால் நூற்றியோராவது தடவை கொஞ்சம் எளிதாகும். இங்கேதான் எண்ணெயின் மேல் என் பெரிய சந்தேகம். டிஎச்சி குறுகிய கால நினைவையும் கற்றலையும் மந்தமாக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. மூளை தன் வாழ்நாளிலேயே கடினமான பாடத்தைப் படிக்கும் மாதங்களில் அதற்கு மந்தம் தரும் பொருளைக் கொடுப்பதா?

இந்த உழைப்பிலும் அளவு வேண்டும். ஏவர்ட் என்ற ஆய்வில் 2,104 நோயாளிகள் பங்கேற்றார்கள். மலேசிய மருத்துவமனைகளும் அதில் உண்டு. வாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி நடக்கவைத்தால் சீக்கிரம் தேறுவார் என்று எல்லாரும் நம்பினார்கள். 2015-இல் வந்த முடிவு அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு அதிகம் எழுப்பியவர்கள் சற்றுக் குறைவாகத்தான் தேறினார்கள். நல்லெண்ணத்தில் செய்வதைக்கூடச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்; சொந்தக்காரரின் எண்ணெயும் நல்லெண்ணத்தில் வந்ததுதான்.

பெரியம்மாவுக்குச் சொல்ல வேண்டியவை

இப்போது பெரியம்மா பக்கம் திரும்புங்கள். “கசிவு வந்தவங்களுக்கு இந்த எண்ணெய் கொடுத்துச் சோதிச்சு, குணமாச்சுன்னு காட்டின ஆய்வு எதுவும் இல்ல பெரியம்மா. கெடுதல் வரலாம்னு அறிகுறி இருக்கு” என்று சொல்லலாம். டிஎச்சி எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் திடீரென இறக்கிவிடும். ஏற்கனவே அழுத்த மாத்திரை சாப்பிடுபவர், ஒரு கால் வலுவில்லாதவர், குளியலறையில் விழுந்தால் என்ன ஆகும்? போதை தராத சிபிடிகூடக் கல்லீரலில் மற்ற மருந்துகள் சிதைவதைத் தடுக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசாம் போன்ற மருந்து உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். அரிய வகைக் குழந்தை வலிப்பு நோய்களுக்கு 2018-இல் அமெரிக்கா ஒரு சிபிடி மருந்தை ஏற்றுக்கொண்டது உண்மை. அது முறையாகச் சோதித்து, ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த மருந்து. முகவரி இல்லாத குப்பியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டப்படி, 200 கிராமும் அதற்கு மேலும் கஞ்சா வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்றே முதலில் கருதப்படுவார். கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டாலும், மரண தண்டனை இன்னும் நீதிபதியின் கையில் இருக்கிறது. தாய்லாந்தில் வாங்கினேன் என்பது எல்லையின் இந்தப் பக்கம் செல்லாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. பெரியப்பா ஏற்கனவே இரண்டு சொட்டு விட்டுக்கொண்டிருந்தால்? அல்லது நோய் வருவதற்கு முன்பே புகைக்கும் பழக்கம் இருந்திருந்தால்? அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வெட்கத்தாலும் பயத்தாலும் தோட்டப்புறத்தில் பலர் இதைச் சொல்வதில்லை. எந்த மருந்தைக் குறைப்பது, எந்த நாட்களில் கூடுதலாகக் கண்காணிப்பது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்தத் தகவல் தேவை. எலி ஆய்வு, சிறுநீர் ஆய்வு என்று இவ்வளவு படித்த பிறகு, அது ஏன் தேவை என்று உங்களால் பெரியப்பாவுக்கு விளக்கவும் முடியும்.

பெரியம்மாவின் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. அவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. வாய் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல், இடிபோலத் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் 999.

கடைசியாக, நீங்களே செய்யக்கூடிய ஒன்று. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் ‘இல்லாத கை’ வலிக்கு ஒரு கண்ணாடியைக் கொண்டு வைத்தியம் கண்டவர். 1999-இல் அவரும் சகாக்களும் அதே கண்ணாடியைப் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் முயன்றார்கள். பலருக்குக் கையசைவு கூடியது. பிறகு வந்த பல ஆய்வுகளும் ஓரளவு பயன் உண்டு என்றே சொல்கின்றன. மருத்துவமனையின் இயன்மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்கலாம். பெரியப்பாவை மேசை முன் உட்கார வையுங்கள். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலுவில்லாத வலக்கையை அதன் பின்னால் மறைத்து வையுங்கள். இடக்கை கண்ணாடிக்கு முன்னால். இடக்கை விரல்களை மெல்ல விரித்து மூடச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தால் வலக்கையே விரிந்து மூடுவதுபோலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மறைந்திருக்கும் வலக்கையையும் அசைக்க முயல வேண்டும். முதல் நாள் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருங்கள்.